முகவரிக் கட்டத்தில் நான் எழுதச் சொன்னது

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் வணக்கம்.

இதை எழுதச் சொல்லி நீங்கள் யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன். ஓய்வு பெற்ற பிறகும் இந்தம்மா விடாது போலிருக்கிறதே என்று நீங்கள் முணுமுணுப்பது இங்கே பீளமேட்டில் என் வீடு வரைக்கும் கேட்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது எதற்கு எழுதுகிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இலங்கைத் தமிழர் முகாம்களில் படித்து முடித்த பிள்ளைகளை வேலையில் சேர்த்துவிடுவது நம் வேலை. விண்ணப்பம் தயாரிப்பது, நேர்காணலுக்குப் பழக்குவது, கம்பெனிகளுக்குப் போன் போட்டு உயிரை வாங்குவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே வரும். அதிலெல்லாம் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை. நான் செய்த ஒரு தப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். போகிற போக்கில் செய்த தப்பு இல்லை. யோசித்து, திட்டம் போட்டு, கடைசியில் துடைப்பமும் கையுமாக நின்று செய்த தப்பு.

இங்கே வருவதற்கு முன்னால் ஒரு கல்லூரியில் மாணவர்களுக்கு வேலை வாங்கித் தரும் பிரிவில் இருந்தேன். அங்கே எனக்குக் கொஞ்சம் பேர் இருந்தது. அதனால் தலைக்கனமும் இருந்தது. நான் கைவைத்த பிள்ளைக்கு வேலை கிடைக்காமல் போகாது என்று வெளிப்படையாகவே சொல்லித் திரிந்தேன். அந்தத் தலைக்கனத்தோடுதான் நம் அலுவலகத்துக்கு வந்தேன். வந்த வருடமே நிரோஜினி என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

அவள் உண்மைப் பெயர் வேறு. அவள் அப்பா சின்ன வயதில் மன்னாரிலிருந்து படகில் வந்தவர், பெயிண்டர். அவள் பிறந்தது ஆனைமலைப் பக்கத்து முகாமில். இலங்கையை அவள் பார்த்தது பள்ளிக்கூட வரைபடத்தில்தான். மின்னியல் பிரிவில் பொறியியல் படித்து முதல் வகுப்பில் தேறியிருந்தாள். மூன்று கம்பெனிகளில் கடைசிச் சுற்று வரைக்கும் போனாள். மூன்றிலும் முகாம் முகவரியைப் பார்த்ததும், "கூப்பிடறோமுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஊர் மரியாதை அப்படி. வேண்டாம் என்பதைக்கூட ஒரு 'ங்க' போட்டுத்தான் சொல்வோம். என்னிடம் வந்தபோது அவள் பொள்ளாச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டிருந்தாள். முகாமில் அவளுக்குப் பின்னால் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளெல்லாம் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவளுக்கே சேலை மடிக்கிற வேலைதான் என்றால் நாம் எதற்குப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று இரண்டு பேர் ஏற்கெனவே கல்லூரியை விட்டுப் பெயிண்ட் வேலைக்குப் போயிருந்தார்கள்.

நான்காவதாக, கோயம்புத்தூர் கணபதியில் பம்பு மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. சோதனைக் கூடத்தில் ஆள் தேவை. செய்து முடித்த ஒவ்வொரு மோட்டாரையும் ஓட்டிப் பார்த்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போட வேண்டும். சரியில்லை என்றால் சிவப்பு அட்டை கட்ட வேண்டும். சிவப்பு அட்டை கட்டினால் மோட்டாரைத் தூக்கி எறிய மாட்டார்கள். பிரித்து, குறையைச் சரிபண்ணி, மறுபடி சோதனைக்கு அனுப்புவார்கள். அதற்கு அங்கே ரீவொர்க் என்று பெயர். இந்த விஷயம் பின்னால் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பப் படிவத்தில் 'நிரந்தர முகவரி' என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கேதான் என் மூளை வேலை செய்தது. ஆனைமலையில் கோயில் வீதியில் என் கணவர் குடும்பத்து வீடு ஒன்று பூட்டிக் கிடந்தது. சாவி என்னிடம். அந்த முகவரியை எழுது என்றேன்.

"ஏனுங்க மேடம், இது பொய்யில்லீங்களா?" என்று கேட்டாள்.

"பொய்யில்ல கண்ணு. வேலை கெடைக்கற வரைக்கும் ஒரு ஏற்பாடு."

"கெடைச்சதுக்கு அப்புறமுங்க?"

"அப்புறம் பாத்துக்கலாம். எழுது."

அதோடும் விடவில்லை. ஆதாரில் முகாம் முகவரி இருக்கும், அதனால் நகல் கேட்டால், ஊரில் இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்று இழுத்தடி என்றேன். வீட்டில் பேசுகிற இலங்கைத் தமிழில் 'எண்டு', ஆமாம் என்பதற்கு 'ஓம்' என்று வாய் தவறிக்கூட வரக்கூடாது என்றேன். அவள் தலையை ஆட்டினாள். முகாமுக்கு வெளியே அவள் பேசும் கொங்குத் தமிழ் என் தமிழைவிடச் சுத்தமாக இருக்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் நான் மறந்துபோனேன். கோயம்புத்தூரில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு அதை எப்படி மறந்தேன் என்று இன்றைக்கும் புரியவில்லை. பெரிய கம்பெனிக்காரர்கள் முகவரியைச் சரிபார்க்க ஏஜென்சி வைப்பார்கள். எங்கள் ஊர் முதலாளிக்கு அதெல்லாம் வேண்டாம். புது ஆளைப் பார்த்ததும் அவர் வாயில் வரும் முதல் கேள்வியே எந்த ஊர், வீடு எந்தப் பக்கம் என்பதுதான். அதைச் சந்தேகப்பட்டுக் கேட்பதில்லை. அவர்களுக்கு அது ஒரு மரியாதை.

"ஏனுங்க அம்மணி, ஊடு எங்கீங்க?" என்றுதான் அந்த ஓனரும் தொடங்கினார். அறுபதை நெருங்கிய மனிதர், லேத்தில் நின்று வேலை கற்று மேலே வந்தவர். "ஆனைமலைங்களா? நாங்க அமாவாசைக்கு அமாவாசை மாசாணியம்மன் கோயிலுக்கு வாறவங்களாச்சே! கோயில் வீதில எந்தப் பக்கமுங்க?"

நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே நிரோஜினி பதில் சொன்னாள். வேலை கிடைத்தது. முகாம் அதிகாரிகளிடம் அனுமதி வாங்கிக் கணபதியிலேயே ஒரு பெண்கள் விடுதியில் தங்கினாள். நான் அலுவலகம் முழுக்க மைசூர்பா கொடுத்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரே நாளில் பதினோரு மோட்டாருக்குச் சிவப்பு அட்டை கட்டிவிட்டாள். லாரி வாசலில் நிற்கிறது, சூப்பர்வைசர் கத்துகிறார், இவள் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நிற்கிறாள். கடைசியில் ஓனரே வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தார். பதினொன்றிலும் குறை இருந்தது. அந்த வாரம் வியாழக்கிழமை எனக்கு நிரோஜினியிடமிருந்து போன் வந்தது.

"மேடம், ஞாயித்துக்கிழமை அமாவாசைக்கு ஓனர் சார் கோயிலுக்கு வாராருங்க. அப்படியே எங்க ஊட்டுக்கு வந்து, அப்பா அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசி, ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போறேன்னு சொல்லிப்போட்டாருங்க. இத்தனை நல்லா வேலை செய்யற புள்ளையப் பெத்தவங்களைப் பாக்கோணும்ங்கறாருங்க. நான் என்ன பண்றதுங்க?"

அவளை மாட்டிவிட்டது அவர் கோபமோ சந்தேகமோ இல்லை, அவருடைய நல்ல மனசு.

நெருக்கடி வரும்போது நம் புத்தி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு நிமிடம்கூட உண்மையின் பக்கம் என் புத்தி போகவில்லை. சாவிதான் இருக்கிறதே என்றுதான் ஓடியது. வீட்டைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, நாலு நாற்காலி போட்டு, அவள் அப்பா அம்மாவை ஒரு மணி நேரம் அங்கே உட்கார வைத்துவிட்டால் முடிந்தது. அவர் காப்பி குடித்துவிட்டுப் போய்விடுவார். இதை நான் ஒரு சாமர்த்தியமாகவே நினைத்தேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை காலையிலேயே பஸ் ஏறி ஆனைமலை போய், ஒட்டடை அடித்து, தரையைக் கழுவி, பித்தளை டம்ளர்களைப் புளி போட்டுத் தேய்த்து வைத்தேன். வேலை முடிந்ததும் நேராக அங்கே வந்துவிடு என்று நிரோஜினியிடம் சொல்லியிருந்தேன். பொழுது சாய்கிற நேரத்துக்கு வந்தாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே வரவில்லை.

"நான் சொல்லிப்போட்டன் மேடம்" என்றாள்.

"என்னத்த சொல்லிப்போட்ட?"

"ஓனர் சாரிட்ட. எங்கட வீடு முகாமில எண்டு. இந்த வீடு உங்கட எண்டு."

முதன்முதலாக அவள் என்னிடம் தன் வீட்டுப் பேச்சில் பேசினாள். அதைக் கவனிக்கிற நிலையில் நான் இல்லை. "பைத்தியமா உனக்கு? யாரைக் கேட்டுச் சொன்னே?" என்று கத்தினேன். ஆமாம், கத்தினேன். கையில் துடைப்பம் வேறு.

அவள் அழவில்லை. நிதானமாகத்தான் பேசினாள். "நாள் முழுக்க மோட்டாருக்குக் கையெழுத்துப் போடுறன் மேடம். பிழையெண்டா சிவப்பு அட்டை கட்டுறன். லொறி நிண்டாலும் கட்டுறன். என்ர ஃபோர்முக்கு மட்டும் எப்பிடி பாஸ் எண்டு எழுதுறது? அப்பாட்டயும் கேட்டனான். வேற ஆக்களின்ர வீட்டில வீட்டுக்காரர் மாதிரி இருக்க என்னால ஏலாது எண்டவர்."

"நான் சொல்லித்தான் எழுதினேன்னு சொன்னியா?"

"இல்லை. எழுதினது நான்தானே."

என் கோபம் அங்கேயே இறங்கிப்போனது. "அவர் என்ன சொன்னாரு?"

"'சரிங்க, நீங்க கெளம்புங்க' எண்டவர்."

"நாளைக்கு வர்றேன்னாரா? திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னாரா?"

"ஒண்டும் சொல்லேல்லை."

அவள் முகாமுக்குப் போய்விட்டாள். நான் தேய்த்து வைத்த டம்ளர்களைப் பார்த்துக்கொண்டு கழுவிய தரையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் இன்றைக்கும் தெலுங்குதான் பேசுகிறோம். எந்தக் காலத்தில் எங்கிருந்து கிளம்பி இந்தப் பக்கம் வந்தோம் என்று எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. யாரும் எங்களிடம் கேட்டதும் இல்லை. நான் எந்தப் படிவத்திலும் முகவரிக் கட்டத்தின் முன்னால் யோசித்து நின்றதில்லை. இந்த மண்ணில் பிறந்த அந்தப் பெண்ணோ ஒவ்வொரு தடவையும் அங்கே நின்றாள். அப்படி நின்றபோதும் அவள் வெட்கப்படவில்லை. முகாம் என்ற சொல்லைப் பார்த்து வெட்கப்பட்டது நான்தான். என் வெட்கத்தை அவள் கையெழுத்தில் எழுத வைத்துவிட்டேன்.

போனை எடுத்து ஓனரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அந்த முகவரியை எழுதச் சொன்னது நான்தான், தண்டனை கொடுப்பதென்றால் எனக்குக் கொடுங்கள் என்று ஒரு செய்தி அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே முகாம் வாசலுக்குப் போய் நின்றுவிட்டேன். அமாவாசைக் கூட்டம் கோயிலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கோயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏமாந்தவர்கள் நியாயம் கேட்டு மிளகாய் அரைக்கும் கோயில். அந்த மனிதர் இன்றைக்கு என் பெயரைச் சொல்லித்தான் அரைத்துக்கொண்டிருப்பார் என்று உண்மையாகவே நினைத்தேன். ஒன்பது ஆனது, பத்து ஆனது. நிரோஜினியின் அம்மா இரண்டு தடவை வாசல் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பத்தரை மணிக்கு ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஓனர் இறங்கினார்.

என்னைப் பார்த்தார். "ஏனுங்க மேடம், இன்னைக்கு உங்க பேர்ல மொளகா அரைச்சுப்போட்டு வந்திருக்கோணும்" என்றார். சிரிக்கிறாரா இல்லையா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் பதில் சொல்வதற்குள் முகாம் வாசலில் இருந்த காவலர் அவரைக் கூப்பிட்டார். "எந்த ஊருங்க? யாரைப் பாக்கோணும்? என்ன விசயமா வந்தீங்க? இந்த நோட்டுல எழுதிட்டுப் போங்க."

வாழ்க்கை முழுக்க மற்றவர்களை எந்த ஊர் என்று கேட்டே பழகிய மனிதர். அன்றைக்கு நின்றுகொண்டே, பேனாவை இரவல் வாங்கி, தன் பெயரையும் முகவரியையும் எழுதினார். 'வந்த காரணம்' என்ற கட்டத்தில் பேனா நின்றது. அதற்கு மேலே மற்றவர்கள் எழுதியிருந்ததைப் படித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். விசாரணை, ஆய்வு, கணக்கெடுப்பு, உதவிப் பொருள் வழங்க, மறுபடி விசாரணை என்று வரிசையாக இருந்தது. பிறகு குனிந்து, 'காப்பி குடிக்க' என்று எழுதினார்.

"இது என்னங்க?" என்றார் காவலர்.

"அதுக்குத்தானுங்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார்.

வீடு ஒரே அறைதான். சுவர் மட்டும் அந்த வரிசையிலேயே பளிச்சென்று இருந்தது, பெயிண்டர் வீடு அல்லவா. நிரோஜினியின் அப்பா கைகூப்பிக்கொண்டு நின்றார். "வாங்கோ ஐயா, இருங்கோ" என்று இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஓனர் அதில் உட்காரவில்லை. தரையில் விரித்திருந்த பாயில் உட்கார்ந்து டம்ளரைக் கையில் வாங்கினார்.

"இந்தப் பக்கம் எத்தனையோ வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சனான் ஐயா" என்றார் அப்பா. "கோப்பி எண்டா வெளியால கொண்டுவந்து தருவினம். ஒரு முதலாளி என்ர வீட்டுக்குள்ள இருந்து கோப்பி குடிக்கிறது இண்டைக்குத்தான்."

ஓனர் காப்பியை முழுக்கக் குடித்து முடித்தார். நிரோஜினி கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அவள் விரல்கள் துப்பட்டா நுனியைச் சுருட்டுவதையும் பிரிப்பதையும் என்னால் பார்க்க முடிந்தது.

"மோட்டார் சரியில்லைன்னா சரியில்லைன்னு எழுதறதுக்குத்தானுங்க இவங்களை எடுத்தேன்" என்று அப்பாவிடம் சொன்னார். "நேத்து தன்னோட பேப்பரையே சரியில்லைன்னு எழுதி எடுத்துக்கிட்டு வந்து எம்முன்னால நிக்கறாங்க. இதுக்கு மேல நான் என்னத்த டெஸ்ட் பண்றதுங்க?" பிறகு அவள் பக்கம் திரும்பினார். "அம்மணி, திங்கக்கெழமை வந்து புது ஃபாரம் எழுதிக் குடுத்துப்போடுங்க. ஆதாரும் கொண்டாங்க."

நிரோஜினி "ஓம்" என்றாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "சரிங்க" என்றாள். அவள் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன், அதை மறைப்பானேன்.

எனக்கு மட்டும் அவர் அவ்வளவு சுலபமாக மன்னிப்புக் கொடுக்கவில்லை. கார் வரைக்கும் கூடவே போனேன். முகாம் என்று முதலிலேயே நேராக வந்து சொல்லியிருந்தால் எடுத்திருப்பீர்களா என்று கேட்டேன். கதவில் கைவைத்தபடி யோசித்தார்.

"தெரியலீங்க மேடம். மாட்டேன்னுகூடச் சொல்லியிருப்பேன். ஆனா அதைச் சொல்ல வேண்டியவன் நானுங்க. நான் சின்ன மனுசனா இருப்பேன்னு நீங்களே முடிவு பண்ணிப்போட்டீங்க."

இத்தனை வருடத்தில் என்னை இதைவிட யாரும் மரியாதையாகத் திட்டியதில்லை. அதற்கப்புறம் நான் ஒரு பிள்ளையின் முகவரியையும் தொட்டதில்லை. அதனால் எல்லாக் கதவும் திறந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். முகாம் என்று பார்த்ததும் "கூப்பிடறோமுங்க" சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நீங்களே பார்ப்பீர்கள். அப்போது கோபப்படுங்கள், சண்டை போடுங்கள், அடுத்த கம்பெனிக்குப் போன் போடுங்கள். ஆனால் பிள்ளையை வேறு ஆளாக்கி அனுப்பாதீர்கள். அப்படிக் கிடைத்த வேலையில் அந்தப் பிள்ளை ஒரு நாளும் காலை நீட்டி உட்கார முடியாது. யார் வீட்டுக்கு வருகிறேன் என்றாலும் பயப்படும். யாராவது அன்பு காட்டினால் இன்னும் அதிகமாகப் பயப்படும்.

நிரோஜினி இன்றைக்கு அதே சோதனைக் கூடத்துக்குப் பொறுப்பாளர். அவளுக்குக் கீழே இருக்கும் ஐந்து பேரில் இரண்டு பேர் அவள் முகாமிலிருந்தே வந்தவர்கள். புது ஆட்களுக்கான விண்ணப்பங்களை இப்போது முதலில் பார்ப்பதும் அவள்தான்.

இனி, நான் எதற்கு இப்போது எழுதுகிறேன் என்பதற்கு வருகிறேன்.

போன வாரம் அவள் எனக்குப் போன் செய்தாள். "மேடம், எங்கட முகாமில இருந்து ஒரு பிள்ளை உங்கட ஒஃபீஸ் மூலமா அப்ளை பண்ணியிருக்கு. அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும், எங்கட வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளித்தான். முகவரியில பீளமேடு எண்டு எழுதியிருக்கு. நீங்களா?"

நான் இல்லை. பதறிப்போய் நான் இல்லை என்று சொன்னேன். அவள் சிரித்தாள்.

அப்படியானால் அது உங்கள் மூவரில் ஒருவர். யார் என்று நான் கேட்கப் போவதில்லை. அந்தப் பிள்ளைமேல் இருக்கிற பாசத்தில்தான் செய்திருப்பீர்கள், அந்தப் பாசத்தை எனக்கு நன்றாகத் தெரியும். படிவத்தை நிரோஜினி என்னிடம் அனுப்பினாள், அதை இதோடு வைத்திருக்கிறேன். முகவரிக் கட்டத்தின் ஓரத்தில் நூலால் கட்டியிருக்கும் சிவப்பு அட்டையைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அதில் அவள் கையெழுத்தில் இப்படி இருக்கிறது:

'ரீவொர்க் செய்து அனுப்பவும். நேர்காணல் புதன்கிழமை காலை பத்து மணிக்கு.'

படிவத்தை அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள். பேனாவையும் கொடுத்துவிட்டு, நீங்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.